பழைய பைத்தானில் பாடம் படித்தவர்களின் அனுபவங்கள்

ஈசூன்வாசி:
2017-இல், சிங்கப்பூர் அரசு திறன் பயிற்சிக்குத் தந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை 500 வெள்ளியைச் செலவிட்டு, பைத்தான் என்ற நிரல்மொழிக்கான வார இறுதி வகுப்பொன்றில் சேர்ந்தேன். வகுப்பறைக் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அன்றிரவே வீட்டுக் கணினியில் பைத்தானை நிறுவி, பயிற்சித்தாளின் முதல் வரியை, பிரிண்ட் என்ற சொல்லும் மேற்கோள் குறிகளுக்குள் ஒரு வணக்கமும் மட்டுமே கொண்ட வரியை, அப்படியே தட்டினேன். தொடரியல் பிழை என்றது. மேற்கோள் குறியை மாற்றினேன், இடைவெளியை நீக்கினேன், ஒரு மணி நேரம் கழித்து விசைப்பலகையின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, அடைப்புக்குறி எங்கே?" என்று கேட்டுவிட்டு, பயிற்சித்தாளிலேயே பென்சிலால் இரண்டு வளைவுகளைப் போட்டாள். மறுவாரம் ஆசிரியரிடம் கேட்டேன். "பழையதை நிறுவிக்கொள்ளுங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார். வகுப்பு நடந்தது பழைய பதிப்பு 2-இல், நான் வீட்டில் நிறுவியது புதிய பதிப்பு 3 என்பது பிறகுதான் புரிந்தது.

கிடங்குக்காரன்:
ஈசூன்வாசி கொடுத்துவைத்தவர். அவருடைய பிழை கூச்சல் போட்டது. என்னுடையது வாயே திறக்கவில்லை. நான் பார்த்த பழைய காணொளிப் பாடத்தில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும், மீதி உதிர்ந்துவிடும். முழுப்பெட்டிகளை எண்ணுவதற்கு இது வசதியென்று நினைத்து, 24 புட்டி கொள்ளும் பெட்டிகளில் 250 புட்டிகளை அடுக்கும் கணக்கை அதே முறையில் எழுதி, ஜூரோங் கிடங்கில் புதிய பதிப்பில் ஓட்டினேன். பதிப்பு 3-இல் முழு எண் விடை வேண்டுமானால் இரண்டு சாய்கோடுகள் போடவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒட்டுச்சீட்டில் பெட்டிகளின் எண்ணிக்கை 10.4166 என்று தொடங்கி ஓரம்வரை நீண்டிருந்தது. மேற்பார்வையாளர் அதைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எந்த லாரியில் ஏற்றுவது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எழுத்தெண்ணி:
மேலே இருவரும் பாடமும் பதிப்பும் பொருந்திவிட்டால் தீர்ந்தது என்பதுபோல எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவையொட்டிக் குறுக்கெழுத்துப் போட்டி ஒன்றுக்காகச் சொற்களை எழுத்தெண்ணிக்கைப்படி அடுக்க முயன்றேன். நான் கற்ற பைத்தான் 2, "தமிழ்" என்ற சொல்லின் நீளம் 15 என்றது. அது எண்ணியது எழுத்துகளை அல்ல, கணினி அவற்றைச் சேமிக்கும் அலகுகளான பைட்டுகளை. பதிப்பு 3-க்கு மாறினேன், 5 என்றது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூட 3 என்று சொல்லும். அன்றிரவு கட்டங்களை விரல்விட்டு எண்ணித்தான் நிரப்பினேன்.

பழுதுநீக்கி:
எனக்கும் ஒரு மாலை வீணானது, அது கிடக்கட்டும். எந்தப் பாடத்தையும் தொடங்குமுன் அது எந்தப் பதிப்புக்கானது என்று பாருங்கள். பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்லையென்றாலோ, ரா இன்புட், எக்ஸ்ரேஞ்ச் ஆகிய பழைய கட்டளைச் சொற்கள் தென்பட்டாலோ, அது பதிப்பு 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய பதிப்பின் இன்புட் கட்டளை நாம் தட்டிய எண்ணை எண்ணாகவே தரும். புதியது எதையும் வெறும் உரையாகவே தரும், ஆகவே வயதோடு ஒன்றைக் கூட்டப் போனால் பிழை வரும். பழைய நிரலைத் தானாக மாற்றித்தந்த டூ-டு-த்ரீ கருவியும் 3.13-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, எனவே அதை நம்பி உட்கார வேண்டாம். நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போது அட்டையைப் பார்க்காமல் பதிப்பாண்டைப் பாருங்கள்.

ஈசூன்வாசி:
பழுதுநீக்கி அவர்களே, நன்றி, ஆனால் நான் வழி கேட்கவில்லை. அந்த வகுப்பு நடந்தபோது பைத்தான் 3 வெளிவந்து 8 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பணம் கட்டிய எங்களுக்கு இரண்டு பதிப்புகள் இருக்கின்றன என்ற ஒரு வாக்கியத்தை முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.