புதுப்பிப்பு: டிரையரில் துணி காயாத சிக்கல் தீர்ந்தது

ஐப்பசி அடைமழையில், டிரையரை இரண்டு முறை ஓட்டியும் சென்னிமலைத் துண்டுகள் ஈரமாகவே வருகின்றன, கருப்புப் பனியன்களில் பஞ்சு அப்பிக்கொள்கிறது என்று திருப்பூரிலிருந்து முன்பு எழுதியிருந்தேன். ஹீட்டர் பழுது என்று நான் அப்போது கருதியது தவறு. காற்று வெளியேறும் வழிதான் அடைபட்டிருந்தது.

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைத்தே வந்தேன். ஆனால் அதைக் குழாயடியில் பிடித்தபோது தண்ணீர் இறங்காமல் வலையின்மேல் தேங்கி நின்றது. துணியை மென்மையாக்கும் திரவத்தின் படலம் வலையின் கண்களை மூடியிருந்ததால், சோப்பு நீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன்.

பெரிய அடைப்பு பின்புறத்தில் இருந்தது. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் காற்றை வெளியே கொண்டுபோகும் மடிப்புக் குழாய் நசுங்கி, அதன் ஒவ்வொரு மடிப்பிலும் ஈரப்பஞ்சு சாம்பல் நிறக் கம்பளிபோல் படிந்திருந்தது. பருத்திப் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அதைக் கையில் எடுத்தபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு அனைத்தையும் அகற்றி, உட்புறம் வழவழப்பான உலோகக் குழாயை ஒரே வளைவுடன் பொருத்தினோம். வெளிச்சுவரில் குழாயின் வாயில் இருந்த கொசுவலையையும் எடுத்துவிட்டேன், அதுவும் பஞ்சைப் பிடித்து வைத்திருந்தது.

இப்போது துண்டுகள் ஒரே ஓட்டத்தில் காய்கின்றன. கருப்புத் துணிகளை மட்டும் துண்டுகளோடு சேர்க்காமல் தனியே போடுகிறேன்.