பிராக்டீஸில் வேகம் இருக்கு, ரேஸில் ரிசல்ட் இல்லை. எங்கே விடுறேன்? (ஐரேசிங், மாஸ்டா எம்எக்ஸ்-5)

நெல்லை_எம்எக்ஸ்5

எல்லாருக்கும் வணக்கம். ஐரேசிங்ல (கம்ப்யூட்டர்ல ஆன்லைனா ஓட்டுற கார் ரேஸ் சிமுலேட்டர்) மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டிட்டு இருக்கேன், லைசென்ஸ் டி (ஆரம்ப நிலைக்கு அடுத்தது). இந்த வாரம் டிராக் லகூனா சேகா. தனியா ஓட்டும்போது 1:41.6 வரைக்கும் வந்துட்டேன். என் ஸ்ப்ளிட்ல (ரேட்டிங் வாரியாப் பிரிச்ச ரேஸ் குழு) ஜெயிக்கிறவங்களோட பெஸ்ட் லேப்பே 1:41.3, 1:41.5 அந்த ரேஞ்ச்தான். ஆனா ரேஸ்னு வந்தா 14-வது, 15-வது இடம். 1400 கிட்ட இருந்த ஐரேட்டிங் (திறமை மதிப்பெண்) 1100-க்கு இறங்கிடுச்சு.

முதல் லேப்ல யாராவது இடிக்கிறாங்க. அதுல தப்பிச்சா நடுவுல எங்கேயாவது டிராக்கை விட்டு வெளிய போயிடுறேன். பின்னாடி வந்து இடிச்சது அவர், ஆனா எனக்கும் சேர்த்து 4 இன்சிடென்ட் பாயின்ட் (மோதினா, வெளிய போனா விழுற தப்புப் புள்ளி). அதைத்தான் தாங்க முடியல.

வேலை முடிச்சு, வீட்ல எல்லாரும் தூங்கின பிறகுதான் உட்கார முடியும். ஒரு ரேஸ் நாசமாப் போனா உடனே அடுத்ததுக்குப் பதிவு பண்ணிடுறேன். அது இன்னும் மோசமாப் போகுது. அப்புறம் படுத்தா தூக்கமே வர்றதில்ல.

என்கிட்ட இருக்கிறது: கியர் டிரைவ் வீல், அதோட வந்த பெடல், 24 இன்ச் மானிட்டர், ஆபீஸ் நாற்காலி, வைஃபை. டைரக்ட் டிரைவ் வீல் (மோட்டார்லயே நேரா மாட்டின ஸ்டியரிங்) வாங்கினா சரியாகுமா? இல்ல எம்எக்ஸ்-5ஐ விட்டுட்டு வேற காருக்குப் போகணுமா?

லேப்சார்ட்

வீல் வாங்குற பேச்சை ரெண்டு நாள் தள்ளி வைங்க. உங்களுக்கு ரொம்ப வலிச்ச ஒரே ஒரு ரேஸை எடுத்துக்கோங்க. அதுல உங்க கார் நம்பர் என்ன, எத்தனாவதா ஸ்டார்ட் பண்ணீங்க, எத்தனாவதா முடிச்சீங்க, இன்சிடென்ட் எந்த லேப்ல எந்த வளைவுல வந்துச்சு, எல்லா லேப் நேரமும். ரிசல்ட் பக்கத்துலயே எல்லாம் இருக்கும். கூடவே அந்த ரேஸ்ல 5-வதா வந்தவரோட லேப் நேரங்களையும் போடுங்க. ஜெயிச்சவரோடது வேண்டாம்.

மூணாம்கியர்

லேப்சார்ட் சொல்றது சரி, அதை முதல்ல போடுங்க. அதுக்குள்ள சாமான் பத்தி நான் சொல்லிடுறேன்.

டைரக்ட் டிரைவ் நல்ல பொருள்தான். ஆனா 1:41.6 போட்ட கையில அது பெருசா எதையும் மாத்தாது. காசு செலவழிக்கணும்னா பிரேக் பெடலுக்குச் செலவழிங்க. இப்ப உங்ககிட்ட இருக்கிற மாதிரிப் பெடல்ல பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டர்தான். கால் எவ்வளவு தூரம் போச்சுன்னு அது அளக்கும். லோட் செல் பெடல், எவ்வளவு பலமா அழுத்துறீங்கன்னு அளக்கும். தூரத்தை விட பலத்தைத்தான் கால் நல்லா ஞாபகம் வச்சுக்கும். நெருக்கடியான நேரத்துல அந்த வித்தியாசம் தெரியும்.

காசில்லாம செய்யக்கூடியது ரெண்டு. ஒண்ணு, அந்த ஆபீஸ் நாற்காலி. பிரேக் அழுத்தும்போது அது பின்னாடி உருளும். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க, ஆனா கால் ஒவ்வொரு தடவையும் வேற தூரத்துல இருந்து அழுத்துது. நாற்காலிச் சக்கரங்களைப் பழைய ஷூவுக்குள்ள இறக்கி வைங்க. பெடலுக்கு முன்னாடி சுவரை ஒட்டி ஒரு கட்டையைப் போடுங்க. ரெண்டும் நகரக்கூடாது.

ரெண்டாவது, எஃப்ஓவி, அதாவது திரையில தெரியுற பார்வைக் கோணம். 24 இன்ச் மானிட்டர் அகலம் கிட்டத்தட்ட 53 செ.மீ. உங்க கண்ணு 70 செ.மீ. தள்ளி இருந்தா சரியான கோணம் 42 டிகிரி பக்கம்தான் வரும். பலரும் 80, 90ன்னு வச்சுக்கிறாங்க. பார்க்க வேகமா இருக்கும், ஆனா பிரேக் போர்டு (வளைவுக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு காட்டுற பலகை) எல்லாம் இருக்கிறதை விட தூரமாத் தெரியும். செட்டிங்ஸ்லயே கணக்குப் போடுற வசதி இருக்கு, மானிட்டர் அளவையும் தூரத்தையும் கொடுத்தாப் போதும். கோணம் குறைஞ்சா பக்கத்துல வர்ற கார் தெரியாது, அது உண்மை. அதுக்கு ஸ்பாட்டர் (பக்கத்துல கார் இருக்குன்னு சொல்ற) குரலைச் சத்தமா வச்சு அதை நம்பப் பழகணும்.

நெல்லை_எம்எக்ஸ்5

நன்றி. எஃப்ஓவி 78-ல இருந்துச்சு! நாற்காலியும் உருளுது, இப்பதான் பார்த்தேன்.

விவரம்: மொத்தம் 18 கார். என் கார் நம்பர் 11. ஸ்டார்ட் 6, முடிச்சது 14. மொத்தம் 9 இன்சிடென்ட் பாயின்ட்.

என் லேப்: 1:51.0, 1:44.6, 1:43.1, 1:49.7, 1:42.8, 1:42.9, 1:48.2, 1:42.7, 1:42.6.

5-வதா வந்தவர்: முதல் லேப் 1:48.9. மீதி எட்டும் 1:42.5-க்கும் 1:43.2-க்கும் நடுவுல. அவரோட பெஸ்ட் லேப்புக்கும் என்னோடதுக்கும் 0.1தான் வித்தியாசம்.

முதல் லேப் 2-வது வளைவுல மோதல், 4 பாயின்ட். 4-வது லேப் கார்க்ஸ்க்ரூவுல (ஏத்தம் முடிஞ்சதும் சட்டுனு இறங்குற வளைவு) நேரா வெளிய போயிட்டேன். 7-வது லேப் 11-வது வளைவுல ஸ்பின். மிச்சம் வெளிய ஒதுங்கினதுக்கு ஒவ்வொண்ணு.

லேப்சார்ட்

இதைத்தான் எதிர்பார்த்தேன். ரீப்ளே கோப்பையும் தனியா அனுப்பினீங்க, பார்த்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல கூட்டல். அந்த 5-வது ஆளுக்கும் உங்களுக்கும் ரேஸ் முடிவுல சுமார் 16 வினாடி இடைவெளி. 4-வது, 7-வது லேப்ல மட்டும் 12 வினாடிக்கு மேல போயிருக்கு. முதல் ரெண்டு லேப்ல இன்னொரு 4 வினாடி. மீதி அஞ்சு லேப்பைக் கூட்டிப் பாருங்க, நீங்களும் அவரும் சமம். உங்ககிட்ட வேகக் குறைவு எங்கேயுமே இல்ல. புதுக் காரோ புது வீலோ இந்த 16 வினாடியில ஒண்ணைக் கூடத் திருப்பித் தராது.

அடுத்து கார் நம்பர். அஃபிஷியல் ரேஸ்ல நம்பர் சும்மா வர்றதில்ல, அந்த ஸ்ப்ளிட்டுக்குள்ள ஐரேட்டிங் வரிசைப்படி வருது. நீங்க 11-வது பெரிய ரேட்டிங். அதனால 10-வதா, 11-வதா முடிச்சா அது தோல்வி இல்ல, சிஸ்டம் உங்ககிட்ட எதிர்பார்க்கிறதே அதுதான். 9-வதா வந்தா ரேட்டிங் ஏறும். நீங்களோ 6-வதா ஸ்டார்ட் பண்ணிட்டு, 6-ஐக் காப்பாத்தணும், அதுக்கு மேல போகணும்னு ஓட்டியிருக்கீங்க. கோபத்துல பாதி அந்த எதிர்பார்ப்பால வந்தது. ஸ்டார்ட் கட்டத்துல உட்காரும்போது ஸ்டார்ட் இடத்தைப் பார்க்காதீங்க, கார் நம்பரைப் பாருங்க.

இப்ப ரீப்ளே. 2-வது வளைவு, ஆண்ட்ரெட்டி ஹேர்பின். ஸ்டார்ட் லேப்ல முதல் தடவையா எல்லாரும் பலமா பிரேக் போடுற இடம் அது. முன்னாடி இருக்கிறவர் கொஞ்சம் சீக்கிரம் பிரேக் போட்டா, அவருக்குப் பின்னாடி இருக்கிறவர் இன்னும் சீக்கிரம் போடணும், அப்படியே பின்னாடி வரைக்கும் போகும். நீங்க தனியா ஓட்டும்போது போடுற அதே இடத்துல பிரேக் போட்டீங்க. முன்னாடி இருந்த வெள்ளைக் காரை முட்டாம இருக்கத் திரும்பவும் அழுத்தினீங்க, சக்கரம் லாக் ஆச்சு, பின்னாடி வந்தவர் உங்க மேல ஏறினார். இடிச்சது அவர்தான், மறுக்கல. ஆனா ஐரேசிங் யார் மேல தப்புன்னு பார்க்கிறதில்ல, ரெண்டு பேருக்கும் அதே பாயின்ட்தான் விழும். அதனால 'அவர் இடிக்க முடியாத இடத்துல நான் இருந்திருக்க முடியுமா' என்கிற கேள்விக்கு மட்டும்தான் இங்க பலன் உண்டு.

கார்க்ஸ்க்ரூ: அதுக்கு முந்தின ஏத்தத்துல முன்னாடி போன காரோட காத்து மறைவுல வந்தீங்க. அதனால வழக்கத்தை விட வேகம் அதிகம். முன்கார் உங்க பிரேக் அடையாளத்தையும் மறைச்சுடுச்சு. ஏறி முடிக்கிற இடத்துல வளைவே கண்ணுக்குத் தெரியாது, அந்த அடையாளத்தைத்தான் நம்பணும். அது போனா எல்லாம் போச்சு. ஒட்டிப் போகும்போது உங்க அடையாளம் தரையிலோ ஓரத்திலோ இருக்கணும், முன்கார் மறைக்க முடியாததா. பிரேக்கும் ஒரு கார் நீளமாவது முன்னாடி.

11-வது வளைவு ஸ்பின்தான் எனக்குச் சுவாரஸ்யமா இருந்துச்சு. பின்னாடி ஒருத்தர் நெருங்கினதும் உள்பக்கத்தை மறைக்கப் போனீங்க. அந்த உள்கோட்டில வளைவு இன்னும் குறுகல், வேகத்தை அதிகமாக் குறைக்கணும். நீங்க வழக்கமான வெளிக்கோட்டு வேகத்துல போய், பிரேக்கை விடாமலேயே ஸ்டியரிங்கை அதிகம் திருப்பினீங்க. எடை முழுக்க முன்னாடி, பின்சக்கரம் லேசாச்சு, கார் சுத்திடுச்சு. அந்த உள்கோட்டில நீங்க பிராக்டீஸ்ல ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?

நெல்லை_எம்எக்ஸ்5

இல்லண்ணா. பிராக்டீஸ்ல எப்பவும் ரேசிங் லைன்தான். பெஸ்ட் லேப்பை உடைக்கிறதுலயே நேரம் போயிடும்.

லேப்சார்ட்

அப்ப செய்ய வேண்டியது தெளிவு. பெஸ்ட் லேப் இனி வேண்டாம், அது உங்ககிட்ட இருக்கு. ஏஐ ரேஸ் (கம்ப்யூட்டரே ஓட்டுற கார்களோட) வைங்க, கடைசி இடத்துல இருந்து ஸ்டார்ட் பண்ணுங்க, முந்தாம முன்காரை ஒட்டியே நாலஞ்சு லேப் போங்க. அப்புறம் காலி டிராக்ல 2-வது வளைவையும் 11-வது வளைவையும் உள்கோட்டில மட்டும் எடுங்க, பிரேக் இடத்தைப் புதுசாக் கண்டுபிடிங்க. கடைசியா, வெளியவே போகாம 10 லேப். ஒரு சக்கரம் தாண்டினாலும் திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும். அது அலுப்பான வேலை, ஆனா அந்த 16 வினாடி அங்கதான் இருக்கு.

ரொறன்ரோ_பிற்லேன்

தம்பி, லேப்சார்ட் எழுதினது எல்லாம் சரி. நான் மற்றப் பக்கத்தைச் சொல்லுறன், ஏனெண்டால் நீங்கள் நித்திரை வராதது பற்றி எழுதினீங்கள், அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

தோத்த கையோட அடுத்த ரேஸுக்குப் பதியிறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. அந்த நேரம் கை சூடா இருக்கும், இழந்த பொயின்ற்றை உடனை திருப்பி எடுக்கோணும் எண்டு நிக்கும். அப்ப முதல் வளைவிலை ஒருத்தருக்கும் இடம் விடமாட்டியள். ரீப்ளேயை சேவ் பண்ணிப்போட்டு எழும்புங்கோ. தண்ணி குடியுங்கோ. அண்டைக்கு ரீப்ளே பாக்க வேண்டாம், அடுத்த நாள் பகலிலை பாருங்கோ. இரவிலை பாத்தால் மற்றவன்ரை பிழை மட்டும்தான் கண்ணிலை படும்.

இடி விழுந்த உடனை மைக்கிலை ஏசிறதும் அப்பிடித்தான். அந்த ஒரு நிமிசம் நீங்கள் காரை ஓட்டேல்லை. நான் ரேஸ் நேரத்திலை வொயிஸ் சற்றை முழுசா நிப்பாட்டி வைச்சிருக்கிறன்.

ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ. 2023 ஜனவரியிலை நடந்த லு மான் வெர்ச்சுவல் 24 மணித்தியால ரேஸிலை மக்ஸ் வெர்ஸ்ரப்பன் முன்னணியிலை நிண்ட நேரம் கனெக்சன் அறுந்து போட்டுது. அந்த நேரம் அவர் இரண்டு முறை போர்மியூலா 1 உலகச் சம்பியன். திரும்பி வந்து பாத்தால் பின்னாலை, கடைசியிலை காரை றிட்டயர் பண்ணிப்போட்டார். சரியான கோவமும் வந்தது அவருக்கு. ஆனால் அதுக்குப் பிறகும் சிம் ரேஸிங்கை அவர் விடேல்லை. உங்கடை கையிலை இல்லாத காரணத்தாலை ரேஸ் போறது இந்த விளையாட்டிலை கிடக்கிறதுதான். அப்பிடிப் போனதையும் நீங்களாக் குடுத்ததையும் வேறை வேறையா எழுதி வையுங்கோ. உங்கடை அந்த ரேஸிலை இரண்டு உங்கடை கையிலை இருந்தது, ஒண்டு பாதி.

நெல்லை_எம்எக்ஸ்5

ரொம்ப நன்றிண்ணா, படிச்சதும் மனசு லேசாச்சு. இன்னொரு சின்னச் சந்தேகம். சில நேரம் பக்கத்துல வர்ற கார் குதிக்கிற மாதிரித் தெரியுது. உரசவே இல்ல, ஆனா 4 பாயின்ட் விழுது.

மூணாம்கியர்

திரையில எல், க்யூ, எஸ்னு மூணு சின்னப் பட்டை இருக்கும். எல் (தாமதம்) அதிகமா இருந்தாலும் நிலையா இருந்தாப் பரவாயில்ல, நம்ம ஊர்ல இருந்து வெளிநாட்டு சர்வருக்குப் போகும்போது அது இருக்கத்தான் செய்யும். க்யூ (இணைப்போட தரம்) ஆடுச்சுன்னா பாக்கெட், அதாவது இன்டர்நெட்ல போற தகவல், நடுவுல தொலையுது. அப்ப மத்தவங்க கண்ணுக்கு நீங்கதான் குதிக்கிறீங்க. வைஃபையை விட்டுட்டு ரவுட்டர்ல இருந்து கேபிள் இழுங்க, ரேஸ் நேரத்துல வீட்ல யாரும் பெருசா டவுன்லோடு போடாமப் பார்த்துக்கோங்க. அப்பவும் ஆடுச்சுன்னா இன்டர்நெட் கொடுக்கிறவர்கிட்ட, எந்த நேரத்துல தொலையுதுன்னு குறிச்சு வச்சுப் பேசுங்க. அது வரைக்கும் பக்கத்துல ஒரு கார் வந்தா அரைக் கார் அகலம் கூடுதலா விடுங்க.

நெல்லை_எம்எக்ஸ்5

எல்லாருக்கும் அப்டேட். கேபிள் இழுத்தாச்சு, க்யூ பட்டை இப்ப அசையல. எஃப்ஓவி 43-ல வச்சிருக்கேன். முதல்ல ரொம்ப மெதுவாப் போற மாதிரி இருந்துச்சு, இப்ப பிரேக் போர்டு எங்க இருக்குன்னு நிஜமாத் தெரியுது. நாற்காலி ஷூவுக்குள்ள இருக்கு, அம்மாதான் என்ன இதுன்னு கேட்டாங்க.

வாரக் கடைசி ரேஸ்ல கார் நம்பர் 12, ஸ்டார்ட் 9, முடிச்சது 8. ஒரே ஒரு பாயின்ட், 6-வது வளைவுல ஓரம் தாண்டினது. 2-வது வளைவுல முன்னாடி ரெண்டு பேர் முட்டிக்கிட்டாங்க, நான் சீக்கிரமே பிரேக் போட்டிருந்ததால வெளிப்பக்கமாத் தாண்டிப் போயிட்டேன். பெஸ்ட் லேப் 1:42.4தான். ஆனா எல்லா லேப்பும் 1:43-க்கு உள்ள, முதல் லேப் தவிர. ஐரேட்டிங் ஏறிடுச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

கடைசி லேப்ல 7-வது ஆளை 11-வது வளைவுல உள்பக்கமா முந்தப் பார்த்தேன், பாதி வழியில விட்டுட்டேன். அது சரியா? அடுத்த வாரம் லைம் ராக், அங்க என்ன பார்க்கணும்?

லேப்சார்ட்

ரீப்ளே பார்த்தேன். அவர் திரும்ப ஆரம்பிச்சப்ப உங்க முன்சக்கரம் அவரோட பின்சக்கரத்தைக் கூட எட்டல. விட்டது சரிதான், அது உங்க வளைவு இல்ல.

லைம் ராக் ரொம்பச் சின்ன டிராக், 1.5 மைல்தான். எல்லாம் வலது வளைவு, ஒரே ஒரு இடது. லேப் சின்னதா இருக்கிறதால கார்கள் ஒட்டி ஒட்டியே போகும், காத்து மறைவு விளையாட்டு லகூனாவை விட ரொம்ப அதிகம். கடைசி டைவிங் டர்ன் இறக்கத்துல வருது, வெளியேறும் இடத்துல இடதுபக்கம் தாண்டி ஒவ்வொரு பாயின்ட்டாச் சேரும். அங்க கொஞ்சம் வேகத்தை விட்டுக் கொடுத்துப் பழகுங்க. அப்புறம் நேர்ப்பாதை முடிவுல பிக் பெண்ட். அதைத் தனியா ஓட்டிப் பழகவே பழகாதீங்க, ஏஐ காருக்குப் பின்னாடி மறைவுலயே ஓட்டி, பிரேக் இடத்தை முதல்ல அங்க கண்டுபிடிங்க. வாரம் ஆரம்பிச்ச உடனே ரேஸ் ஓட்ட வேண்டாம், புதன்கிழமை ஆரம்பிச்சு லேப் நேரங்களை இங்கேயே போடுங்க.