சனிக்கிழமை நாடகம்: யார் யார் வருகிறீர்கள்?

[குழு: கேப் டவுன் நம்ம தெரு]

செல்வி: மகளுக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழிப் பாடத்தில் 'கிரிஸ்மிஸ் ஃபான் மாப் ஜேக்கப்ஸ்' என்று ஒரு நாடகம். சனிக்கிழமை மேடையில் போடுகிறார்களாம், போக வேண்டும் என்கிறாள். பெயரைப் பார்த்தால் கிறிஸ்துமஸ். பைபிள் கதையா? யாருக்காவது தெரியுமா?

ஜெபா: நான் படித்திருக்கிறேன் அக்கா. ஆஃப்ரிகான்ஸில் எழுதிய கலப்பின எழுத்தாளர் ஆடம் ஸ்மாலுடையது, 1983-ல் வந்தது. மேய்ப்பர்கள், ஞானிகள் எல்லாம் வருகிற நாடகம் இல்லை. ஆனால் 'ஒருவன் மறுபடியும் பிறக்க வேண்டும்' என்று இயேசு நிக்கோதேமுவிடம் சொன்னாரே, அதுதான் இதற்கு உயிர். ஒரு ரவுடிக் கும்பலின் தலைவனாக இருந்து, கொலை செய்து சிறைக்குப் போன ஜானி ஜேக்கப்ஸ், நம் ஊர் ஓரத்து மணல்வெளியான கேப் ஃபிளாட்ஸுக்குத் திரும்பி வருகிறான். மாப் என்று பட்டப்பெயரில் கூப்பிடும் ஊரில் அவன் மறுபடி ஜானி ஆக முடியுமா என்பதுதான் கதை.

தாமஸ்: தம்பி, தப்பாக நினைக்காதே. கிறிஸ்து பிறப்போடு ஒரு கொலைகாரனைச் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கு வேறு பாடமே கிடைக்கவில்லையா?

ஜெபா: அண்ணா, சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குத்தானே அவர் பரதீசு தருவதாகச் சொன்னார்?

ஜெபா: இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும். இந்த ஊரில் பைபிளை வைத்துத்தான் மனிதர்களைப் பிரித்தார்கள். வெள்ளை ஆஃப்ரிகானர்களின் டச்சு ரிஃபார்ம்டு சபை 1881-லேயே கலப்பினத்தாருக்கு என்று தனிச் சபை வைத்துவிட்டது. பிறகு 1950-ல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம். 1966-ல் நகரத்தின் நடுவே இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் குடியிருப்பை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வீட்டை விட்டுக் கிளப்பினார்கள். பெரும்பாலானோர் போய் விழுந்தது கேப் ஃபிளாட்ஸ் மணலில். மாப்பின் அக்கம்பக்கம் முழுக்க அப்படி இடம் பெயர்க்கப்பட்டவர்கள்தான். வீடும் தெருவும் போன பிறகுதான் அங்கே கும்பல்கள் வேர்பிடித்தன. அதே தனிச் சபைதான் 1982-ல் பெல்ஹாரில் கூடி, இனப் பிரிவினை நற்செய்திக்கே விரோதம் என்று விசுவாச அறிக்கையை முன்வைத்தது. அடுத்த வருஷம் இந்த நாடகம். பைபிளை யார் கையில் இருந்து யார் திரும்ப வாங்குகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு இதைவிடப் பெரிய கிறிஸ்துமஸ் நாடகம் தெரியாது.

ஸ்டெல்லா ஆன்ட்டி: ஜெபா சொல்வது சரி. இப்போது ஆர்ட்ஸ்கேப் என்கிறோமே, அந்த நாடக அரங்கம் 1971-ல் நிக்கோ மலான் என்ற பெயரில் திறந்தபோது வெள்ளையருக்கு மட்டும். 1975 வரை அப்படித்தான். ஸ்மாலின் இன்னொரு நாடகம் 'கன்னா ஹை கோ ஹைஸ்டு' 1965-லேயே அச்சில் வந்துவிட்டது. கலப்பின ஜனங்களின் கதையைச் சொன்னவர், ஆனால் அந்த அரங்கத்தில் அந்த ஜனங்களுக்கு இடமில்லை.

செல்வி: அவருக்கு மரியாதை கிடைத்ததா ஆன்ட்டி?

ஸ்டெல்லா ஆன்ட்டி: ஆஃப்ரிகான்ஸ் இலக்கியத்தின் பெரிய விருதான ஹெர்ட்சாக் பரிசை, நாடகத்துக்காக, 2012-ல்தான் கொடுத்தார்கள். அதற்குள் எழுபதைத் தாண்டிவிட்டார். 2016-ல் போய்விட்டார். எவ்வளவு தாமதம் என்று நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

தாமஸ்: சரி, முழுக்க ஒப்பவில்லைதான். ஆனால் பார்க்காமல் பேசக் கூடாது. எனக்கும் ஒரு டிக்கெட்.

ஜெபா: நல்லது அண்ணா! செல்வி அக்கா, மகளை முதலில் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆஃப்ரிகான்ஸ் இல்லை, இந்த ஊர்த் தெருவில் பேசும் ஆஃப்ரிகான்ஸ் வழக்கான காப்ஸ். காதில் விழுந்து பழகினால்தான் மேடையில் பிடிபடும்.

செல்வி: சின்னவனையும் கூட்டி வரலாமா? மூன்றாம் வகுப்பு.

ஜெபா: வேண்டாம் அக்கா. கொலை, கட்டாயத்துக்கு உடம்பை விற்கும் பெண் என்று நிறைய வரும். பெரியவள் மட்டும் வரட்டும்.

ஸ்டெல்லா ஆன்ட்டி: அவனை என் வீட்டில் விடுங்கள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

தாமஸ்: என் வண்டியில் நான்கு பேர் வரலாம். மாலை ஐந்தரைக்குக் கேட் பக்கத்தில் நில்லுங்கள்.