கலைச்சொல் வேண்டும்: வலியை அளப்பதும் வார்டில் இருக்கும் நாளும்

பிசியோதெரபி ஆசிரியை, மதுரை:

குழுவினருக்கு வணக்கம். இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பிறகு பயிற்சிக்காகச் சேர்க்கப்பட்டவர்களிடம் என் மாணவி ஆய்வு செய்யப்போகிறார். சேரும்போதே வலி மிகுந்தவர்கள் கூடுதல் நாள் இருக்கிறார்களா என்பது கேள்வி. நெறிமுறைக் குழுவுக்குத் தமிழ் ஒப்புதல் படிவம் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும். 'வலி மதிப்பீடு', 'தங்குகால நீளம்', 'மறுவாழ்வு வார்டு' என்று எழுதியிருக்கிறார். நடுவில் இருப்பது லாட்ஜ் ரசீது போல இருக்கிறது. கைகொடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்:

அம்மா, வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவானேன்? வலியறிதல்! குறளின் 48ஆம் அதிகாரத் தலைப்பே அதுதான். அங்கே வலி என்றால் வலிமை, அது எனக்கும் தெரியும். ஆனால் 471ஆம் குறளில் 'துணைவலியும் தூக்கிச் செயல்' என்கிறாரே, அந்தத் தூக்குதல் எடைபோடுவதுதான். எனவே அளந்து குறிப்பதற்கு 'வலிதூக்கல்' என்று துணிந்து ஆளலாம். உடல் துன்பத்துக்கு 'நோ' இன்னும் பழையது. நோவு, நோய் மட்டுமல்ல, நோன்பும் அந்த வேர்தான் என்பது என் கட்சி. காலத்துக்குக் 'கிடப்புக்காலம்' பொருந்தும்.

செவிலியர், மேலூர்:

ஐயா, எங்கள் பக்கம் குழம்பில் உப்புதான் தூக்கலாக இருக்கும். வலிதூக்கல் என்று படிவத்தில் கண்டால் வலியை ஏற்றிவிடப் போகிறார்கள் என்று கைநாட்டு வைக்கக்கூட வரமாட்டார்கள்.

வார்டில் நடப்பதைச் சொல்கிறேன். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்குமேல் தாங்க முடியாது என்று விளக்கி, இப்போது எத்தனை என்று கேட்டால், 'நேற்றுக்கு இன்று தேவலை' என்பார் பாட்டி. எண் வராது. வந்தாலும் ஒரு தடவை கேட்டால் போதாது. படுக்கையில் இரண்டு என்றவர் வாக்கரைப் பிடித்து எழுந்ததும் எட்டு என்பார். பயிற்சியைக் கெடுப்பது அந்த எட்டுதான். பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்கு முகப் படங்களைக் காட்டுகிறோம். அதுவும் பிடிபடாதவரிடம், தோளைத் தொட்டதும் முகம் சுளிப்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றபடி குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்று அவர்களாகவே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். படிவத்தில் அவற்றுக்கு இடம் உண்டா?

மொழிபெயர்ப்பாளர், கே.கே. நகர்:

அக்கா கேட்பது நியாயம். உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட 'மக்கில்' (McGill) வலி வினாநிரலில் வலியை வருணிக்கும் 78 சொற்கள் 20 தொகுதிகளாக இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கும்போது கடுப்பை எந்தத் தொகுதியில் வைப்பது? உளைச்சலை நாளிதழ்கள் மனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டன. கால் உளைச்சல் என்று எழுதினால் இளைய மருத்துவர் திகைப்பார்.

'கிடப்புக்காலம்' வேண்டாம் ஐயா, தாலுகா அலுவலகக் கோப்புதான் கிடப்பில் கிடக்கும். 'படுக்கை நாள்' வார்டு முழுவதற்கும் சேர்த்துப் போடும் கணக்கு. ஒருவருக்கு 'மருத்துவமனையில் தங்கிய நாட்கள்' போதும், நீளம் எதற்கு? சேர்ந்த நாளை எண்ணி, வீடு திரும்பும் நாளை விடுவது வழக்கம் என்பதையும் மாணவி எழுதிவிடட்டும். இன்னொன்று: வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலும் நாள் நீளும், காப்பீட்டுத் தொகை தீர்ந்து குறையவும் செய்யும். அவற்றையும் கேட்காமல் பழியை வலிமேல் போடக் கூடாது.

தமிழாசிரியர்:

மூன்றாவதை எல்லாரும் தாண்டிவிட்டீர்களே! குடியை விட வைக்கும் இடமும் மறுவாழ்வு மையம். 2021இல் இலங்கைத் தமிழர் அகதி முகாம்களுக்கும் மறுவாழ்வு முகாம் என்றே அரசு பெயர் சூட்டியது. இங்கே ஆனையூரிலும் திருவாதவூரிலும் இருக்கின்றனவே. இடுப்பொடிந்த கிழவியையும் அதே சொல்லில் அடைப்பதா? இலங்கையில் வழங்கும் 'புனர்வாழ்வு' பாதி வடமொழி. 'மீட்சி' என்போம்.

செவிலியர்:

மீட்சி என்றால் அடகு நகை ஐயா.

பிசியோதெரபி ஆசிரியை:

நன்றி. 'வலி மதிப்பீடு', 'மருத்துவமனையில் தங்கிய நாட்கள்' இரண்டையும் பெரும்பாலோர் ஏற்றதாக எடுத்துக்கொள்கிறேன். வார்டுக்கு வாசல் பலகையில் உள்ள 'மறுவாழ்வு' இருக்கட்டும், நோயாளியின் மகன் வழி கேட்டு வர வேண்டுமே. வலியின் வகையை எழுத இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறோம்.

தமிழாசிரியர்:

படிவத்தில் எப்படியோ போட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீடு வீட்டு வரிக்கு உரியது. கலைச்சொல் பட்டியலில் 'வலியறிதல்' என் பெயரில் மாற்றுக் கருத்தாக நிற்கட்டும். நோன்பு பற்றி யாரும் மறுக்கவில்லை, அதற்குத் தனி மடல் வருகிறது.