உறுப்புக்குள் அடிப்படைச் சார்புகளின் வரிசை: அனுபவங்களைப் பகிருங்கள்

முடிவுறு உறுப்பு முறையில், கணக்கிட வேண்டிய பரப்பைச் சிறு துண்டுகளாக (உறுப்புகளாக) வெட்டி, ஒவ்வொன்றிலும் விடையைச் சில எளிய அடிப்படைச் சார்புகளின் கூட்டாக எழுதுகிறோம். எங்கள் குழுவில் ஆய்வு மாணவி ஒருவர் அந்த முறைக்கான டீல் டூ (deal.II) என்ற நிரல் நூலகத்தில் ஸ்டோக்ஸ் ஓட்டத்துக்கு (பாகுத்தன்மை மேலோங்கிய மெதுவான பாய்வு) நிரல் எழுதினார். இரு பரிமாணம், டெய்லர்–ஹூட் உறுப்பு: திசைவேகத்துக்கு இருபடி, அழுத்தத்துக்கு ஒருபடி. ஒரு நாற்கரத்தில் 18 திசைவேகச் சார்புகள், 4 அழுத்தச் சார்புகள், மொத்தம் 22. முதல் 18 திசைவேகம், கடைசி 4 அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு சமன்பாடுகளின் அணியை (மேட்ரிக்ஸ்) நிரப்பியிருந்தார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கிடைத்த ஓட்டமோ இயற்பியலுக்குச் சற்றும் பொருந்தவில்லை.

அந்த நூலகம் முதலில் முனைகளையும், பிறகு விளிம்புகளையும், கடைசியில் உட்புறத்தையும் எண்ணுகிறது. ஒரே முனையில் இரு திசைவேகக் கூறுகளும் அழுத்தமும் அடுத்தடுத்து வரும். ஆகவே சுழியத்திலிருந்து எண்ணினால் 0, 1 திசைவேகம், 2 அழுத்தம். அழுத்தத்தின் இடங்கள் 2, 5, 8, 11. அதன்பின் வருபவை எல்லாம் திசைவேகமே.

இதற்குக் காரணம் உண்டு. தொடர்ச்சியான சார்புகளில் பக்கத்து உறுப்புகள் முனையையும் விளிம்பையும் பகிர்ந்துகொள்கின்றன. எது எதோடு ஒட்டியது என்பதே அங்கே முதல் கேள்வி. தொடர்ச்சியற்ற உறுப்புகளில் பகிர்வதற்கு எதுவுமில்லை. அதனால் அங்கே இடமிருந்து வலம், கீழிருந்து மேல் என்று நேராக எண்ணுகிறார்கள்.

அவரைக் குழப்பியது 'காம்பொனென்ட்_வைஸ்' என்ற மறு எண்ணிடல். அது முழு வலைக்குமான (எல்லா உறுப்புகளும் சேர்ந்தது) எண்களைத்தான் கூறுவாரியாகப் பிரிக்கிறது. உறுப்புக்குள் இருக்கும் வரிசையைத் தொடுவதே இல்லை. ஆவணத்தில் இதை இன்னும் பெரிய எழுத்தில் போடலாம் என்பது என் கருத்து. ஓர் எண் எந்தக் கூறுக்கு உரியது என்று சொல்லும் 'சிஸ்டம்_டு_காம்பொனென்ட்_இன்டெக்ஸ்' தரும் விடையை 22 எண்களுக்கும் அச்சிட்டுப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மறுமொழி:

நான் பார்த்தது வேறு வகை. வலை உருவாக்கும் ஜிமெஷ் மென்பொருள் தந்த 10 கணு நான்முகிகளை (4 முனைகள், 6 விளிம்பு நடுக்கணுக்கள்) வி.டி.கே. கோப்பு வடிவில் எழுதி, படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் திறந்தோம். சுழியத்திலிருந்து எண்ணினால் முதல் எட்டுக் கணுக்கள் ஜிமெஷ், வி.டி.கே. இரண்டிலும் ஒன்றே. 8, 9 மட்டும் இடம் மாறி நிற்கும். முனைகள் சரியாக இருப்பதால் தூரத்துப் பார்வைக்கு வலையில் குறை தெரியாது. நெருங்கிப் பார்த்தால் இரண்டு விளிம்புகள் முறுக்கிக்கொண்டிருக்கும்.

இப்போது புதிய மென்பொருள் எதைத் தொட்டாலும் ஒரே ஒரு நான்முகியை ஏற்றி, ஒவ்வொரு நடுக்கணுவும் எந்த இரு முனைகளின் சராசரியில் விழுகிறது என்று கணக்கிடுகிறேன். நேர் விளிம்புள்ள உறுப்பில் செய்யுங்கள். வளைந்த விளிம்பில் இந்தச் சோதனை செல்லாது.