விமானத்தில் சொந்த ஹெட்போன்: இரட்டை முள் அடாப்டர் நம்ம ஊரில் எங்கே கிடைக்கும்?

அம்மா அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாய்க்கு அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். சீட்டில் திரை உண்டு, ஆனால் ஹெட்போனைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். வீட்டிலேயே நல்ல வயர் ஹெட்போன் இருக்கும்போது அது எதற்கு? காதை மூடி உட்காரும், பஞ்சு வைத்தது; என்ஜின் இரைச்சலும் கொஞ்சம் அடங்கும்.

சந்தேகம் சீட்டில் ஹெட்போன் செருகும் துளையில்தான். சில விமானங்களில் சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஒற்றைத் துளை, சிலவற்றில் அடுத்தடுத்து இரண்டு. இரண்டு துளை இருந்து, ஒன்றில் மட்டும் செருகினால் பெரும்பாலும் ஒரு காதில்தான் கேட்கும். அதற்குத்தான் இரட்டை முள் அடாப்டர். திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணாரப்பேட்டையிலோ எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை? ப்ளூடூத் வேண்டாம், பல திரைகளில் சேராது.

அப்புறம், சமீபத்தில் துபாய் போனவர்கள் இருந்தால், சீட்டில் எந்த மாதிரித் துளை இருந்தது என்றும் சொல்லுங்கள்.