ஜனவரியில் சுப்பீரியர் ஏரியில் கப்பல் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஏரிக்கரைவீடு:

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது. நேற்று ராத்திரி மறுபடியும் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்து தூக்கம் போய்விட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் துறைமுகக் கால்வாயை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். தூக்குப் பாலம், இரண்டு பக்கமும் காங்கிரீட் கரை, நடுவில் 300 அடி அகலத்துக்குத் தண்ணீர். ஆயிரம் அடி நீளக் கப்பல் அதற்குள் நுழையும்போது கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். கப்பல்கள் சுப்பீரியர் ஏரிக்குள் ஏறி இறங்கும் நீர்க்கதவுகளை, சூ லாக்ஸ் என்பார்கள், ஜனவரி 15-ஆம் தேதி மூடினால் மார்ச் 25 வரை திறக்க மாட்டார்கள். அதனால் அந்த வாரம் வருபவைதான் அந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல்கள். என் மகனுக்கு அப்போது ஆறு வயது, கப்பல் என்றால் சாப்பாடு வேண்டாம். மைனஸ் 28 டிகிரி. காற்று வேறு. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏரி உறையவில்லை. கரையோரம் மட்டும்தான் ஐஸ். அதைத் தாண்டி தண்ணீர் முழுக்க ஆவி எழும்பி, சுழன்று, தூண் தூணாக நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஹாரன் கேட்டது, மூன்று நீளம், இரண்டு குட்டை. பாலம் அதே மாதிரி பதில் கொடுத்தது. கப்பலைக் காணோம். அப்புறம் ஆவிக்கு மேலே ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதுதான் கப்பலின் முகம். பெயின்ட் எந்த நிறம் என்றே தெரியவில்லை, அவ்வளவு ஐஸ். முகப்பில் ஆரஞ்சு உடுப்பில் ஒரே ஒரு ஆள், குனிந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நேராக வந்ததும் நிமிர்ந்து, வலது கையைப் பக்கவாட்டில் பெரிதாக ஒரு வீச்சு வீசினார்.

மகன் கை காட்டினான். நான் காட்டவில்லை. கை பாக்கெட்டுக்குள் இருந்தது, வெளியே எடுக்க மனம் வரவில்லை.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அவர் கை காட்டினாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் குளிரில் வேலை பார்க்கிற மனிதருக்குப் பதிலுக்கு ஒரு கை காட்டாமல் நின்றேனே என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தாம்பரத்தான்:

2019 ஜனவரி 30, சிகாகோ. காலையில் மைனஸ் 31. மிச்சிகன் ஏரி மேலே நீங்கள் சொன்ன அதே மூடுபனிதான், அதைவிட எனக்கு மறக்காதது ரயில் தண்டவாளம். பாதை பிரியும் இடத்தில் உறைந்து போகாமல் இருக்கத் தண்டவாளத்தின் ஓரமாகத் தீ மூட்டியிருந்தார்கள். நடைமேடையில் என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தீயைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். தீ ஐம்பதடி தள்ளி இருந்தது. சூடு வரவே வராது. ரயில் வரும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.

கண்டிவீதி:

தம்பி தாம்பரத்தான், அது மூடுபனி இல்லை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு விளங்காது. மூடுபனியில் பொதுவாகக் காற்று அசையாது. இது கொதிக்கிற பானையில் இருந்து வருகிற ஆவி மாதிரி. ஏரித் தண்ணீர் இரண்டு மூன்று பாகையில் இருக்கும், மேலே வருகிற காற்று மைனஸ் 28. முப்பது பாகை வித்தியாசம். அந்தக் காற்றுக்கு அந்தத் தண்ணீர் வெந்நீர்தான். இதே ஆவிதான் மேலே போய் முகிலாகி மறுகரையில் ஸ்னோவாகக் கொட்டுகிறது. ஏரி ஐஸ் பிடித்து மூடினால்தான் கொட்டுவது குறையும். ஈரி ஏரிக்குச் சராசரி ஆழம் 19 மீற்றர், கெதியாக மூடிவிடும். சுப்பீரியர் 406 மீற்றர் வரை ஆழம், அது லேசில் மூடாது. 2014 மார்ச்சில் இந்தப் பேரேரிகள் ஐந்தும் சேர்த்து 92 வீதம் மூடியது, அப்படியான வருசம் அபூர்வம்.

நான் இருபது வருசம் ட்ரக் ஓடினவன். கனடாவில் சுப்பீரியர் கரையோரம் போகிற நெடுஞ்சாலை 17-இல் வாவா என்கிற ஊர் தாண்டி ஒரு பின்னேரம், நல்ல வெயில். ஏரிப் பக்கம் ஒரு வெள்ளைத் திரை நின்றது. முன்னால் போன ட்ரக்கின் இரண்டு சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டுதான் ஓடினேன். அதற்குள் நுழைந்ததும் முதலில் ஒரு விளக்கு போனது, பிறகு மற்றது. வேகத்தைக் குறைத்தேன், நிற்பாட்டவில்லை. நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான், ஓடினால் முன்னால் நிற்கிறவனை நான் இடிப்பேன். மூன்று நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது அந்த முன் ட்ரக்கைக் காணவில்லை. பள்ளத்தில் இறங்கினாரா, பக்கத்து வழியில் திரும்பினாரா, தெரியாது. அடுத்த கிராமத்தில் பொலிசுக்குச் சொன்னேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பிறகு கேட்காமல் விட்டுவிட்டேன்.

பழையதுறைமுகம்:

ஏரிக்கரைவீடு தங்கச்சிக்கு. அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று என்னால் சொல்ல முடியும். நான் தூத்துக்குடிக்காரன், வெளிநாட்டுக் கப்பலில் போசனாக, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவனாக, இருந்தவன். கடலிலிருந்து ஏரிக்கு வந்து கோதுமை ஏற்றிப் போகும் கப்பல்களில் மூன்று முறை வந்திருக்கிறேன்.

டிசம்பர் நடுவில் சுப்பீரியர் கரையில் இருக்கும் தண்டர் பே துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக் கிளம்பினோம். மாதக் கடைசியில் கடலுக்குப் போகும் செயின்ட் லாரன்ஸ் வழியை மூடிவிடுவார்கள், அதற்குள் வெளியே போயாக வேண்டும். வானிலையில் கேல் என்று வந்தது, மணிக்கு 34 கடல் மைலுக்கு மேல் காற்று. கூடவே ஃப்ரீசிங் ஸ்ப்ரே எச்சரிக்கை, மணிக்கு 2 சென்டிமீட்டர் ஐஸ் ஏறும் என்று. வடகடலிலும் குளிர்காலம் பார்த்தவன் நான். ஆனால் உப்புத் தண்ணீர் உறைய மைனஸ் 1.8 வரை போக வேண்டும். நல்ல தண்ணீருக்கு அந்தத் தாமதமும் இல்லை. முகப்பில் அலை அடித்துச் சிதறும், டெக்கில் விழும்போதே பாதி உறைந்திருக்கும். கைப்பிடிக் கம்பி தொடை கனத்துக்கு ஆகிவிட்டது. வெந்நீர் ஊற்றினால் அது ஓடிப்போய் அடுத்த இடத்தில் உறைகிறது. மரச் சுத்தியல்தான் வழி. அடி, உடை, கடலில் தள்ளு. ஏரியைக் கடல் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

குறுகலான இடத்துக்குள் நுழையும்போது இரண்டு நங்கூரமும் உடனே இறக்கத் தயாராக இருக்க வேண்டும். இன்ஜின் நின்றுவிட்டால் அதுதான் கடைசி பிரேக். நங்கூரத்தை இறக்கி ஏற்றும் விண்ட்லஸ் இயந்திரம் முழுக்க ஐஸ் மூடியிருந்தால் நங்கூரம் இறங்காது. உங்கள் ஆள் அடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். கையை வீசியது, மன்னிக்க வேண்டும், உங்களுக்காக இருக்காது. விரல் மரத்துப்போனால் கையைச் சுழற்றி வீசினால்தான் ரத்தம் இறங்கும். நாங்கள் பத்து அடிக்கு ஒரு தடவை வீசுவோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வைட்ஃபிஷ் விரிகுடா தாண்டி ஆற்றுக்குள் நுழையப் போகிறோம். 1975 நவம்பர் 10-இல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் 29 பேரோடு முழுகிய இடம் அந்தப் பக்கம்தான், கப்பலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். வாக்கிடாக்கியில் சீஃப் ஆபீசர் கேட்டார், "போசன், ரெண்டு ஆங்கரும் கிளியரா?" இடது பக்கம் கிளியர். வலது பக்கம் பிரேக் இன்னும் ஐஸுக்குள் இருந்தது. "கிளியர் சார்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கை அசையவில்லை, வாய் சொல்லிவிட்டது. அப்புறம் இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் அடித்தேன். பிரேக் சக்கரம் திரும்பும்போது கரையின் விளக்குகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. ஒன்றும் ஆகவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

நார்த்ஷோர்:

அக்கா, நான் தண்டர் பேயில் படிக்கிறேன். அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் உங்களை விலகச் சொன்னார். அவ்வளவு பெரிய கப்பல் கால்வாய்க்குள் வரும்போது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும், கரை மேலே ஏறும். ஐஸ் பூசிய காங்கிரீட்டில், ஆறு வயசுப் பையனோடு நிற்கிறீர்கள். நானாக இருந்தாலும் கையை வீசிப் போ போ என்றுதான் காட்டியிருப்பேன்.

எனக்கு நடந்தது சின்னது. விரிகுடாவில் ஐஸ் மேலே மீன் பிடிக்க ரூம் நண்பர்களோடு போனேன். காற்று திரும்பியது. ஐஸுக்கு அடியில் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்களுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. ஒரு அடிதான். தாண்டிவிட்டோம். கடைசியாகத் தாண்டியவன் நின்று பார்த்தபோது அது மூன்றடி.

போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெளிவான ஐஸ் நாலு அங்குலம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம், வெள்ளையாக நுரைத்த ஐஸை நம்பக் கூடாது. தடிமன் இருந்தாலும் கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசும் காற்று இருந்தால் இறங்கவே வேண்டாம். 2009 பிப்ரவரியில் ஈரி ஏரியில் இப்படித்தான் ஐஸ் பிரிந்து நூற்றுக்கு மேற்பட்ட மீன் பிடிப்பவர்கள் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் வந்து எடுத்தது, ஒருவர் இறந்துவிட்டார். தண்ணீரில் விழுந்தால் 1, 10, 1 என்று மனதில் வையுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், அதை அடக்குவது ஒன்றுதான் வேலை, நீந்த முயற்சி செய்யாதீர்கள். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியே வர வேண்டும். வந்த வழியைப் பார்த்துத் திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. காலை உதைத்து உடம்பைப் படுக்கையாக்கி மேலே ஏறி, எழுந்திருக்காமல் உருண்டு போங்கள். ஏற முடியாவிட்டால் கையை ஐஸ் மேல் நீட்டி அசையாமல் வையுங்கள், அங்கியின் கை ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். நினைவு போக 1 மணி நேரம் ஆகும். அதுவரை ஆள் வர வாய்ப்பு உண்டு. ஐஸில் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் இரண்டு ஐஸ் ஆணி மாட்டிக்கொண்டு போங்கள். லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

பழையதுறைமுகம்:

தம்பி, நீ சொன்னது நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பல் முகப்பிலிருந்து கரையில் நிற்கிறவரை விலகச் சொல்ல வேண்டுமென்றால் நாங்கள் கத்துவோம், விசில் ஊதுவோம், திரும்பத் திரும்பக் காட்டுவோம். ஒரு தடவை வீசிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்க்க மாட்டோம்.

ஈரிக்காற்று:

இதைப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா என்று தெரியவில்லை. 2022 டிசம்பர் 23, பஃபலோ. காலையில் மழை மாதிரி இருந்தது, சில மணி நேரத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. ஈரி ஏரி அப்போது உறைந்திருக்கவில்லை. காற்று ஏரித் தண்ணீரையே எங்கள் பக்கம் தள்ளிக் குவித்தது, மறுமுனையில் டொலிடோவில் தண்ணீர் வற்றியது. ஒன்றரை நாளுக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீடு தெரியவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் கதவில் தட்டும் சத்தம். மூன்று தடவை. நானும் மனைவியும் இருவருமே கேட்டோம். தாழ்ப்பாள் உறைந்திருந்தது, தோசைக் கரண்டியால் நெம்பித் திறந்தேன். வெள்ளை. என் கையே தெரியவில்லை. கத்தினேன். மறுபடி கத்தினேன். காற்று வாய்க்குள் வந்து சத்தம் வெளியே போகவில்லை. வாசல் படியில் ஒரு கால் வைத்தேன், மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கதவைச் சாத்தினோம். வராந்தா விளக்கைக் காலை வரை அணைக்கவில்லை.

பனி நின்ற பிறகு வாசலில் தோண்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தெருவிலும் யாரும் இல்லை. மாடி ஜன்னல் மறைப்பு ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் தட்டியது என்று மனைவி சொல்கிறாள்.

கண்டிவீதி:

தம்பி, கதவுக் கைப்பிடியில் கயிறு கட்டி மற்ற முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். நாங்கள் வடக்கில் அப்படித்தான் செய்வோம். வீட்டில் நூறடிக் கயிறு எப்போதும் வாசல் பக்கம் இருக்க வேண்டும். டோர்ச், விசில், மெழுகுதிரி, போர்வை. கார் என்றால் புகைக் குழாயை மணிக்கொரு தரம் ஸ்னோவிலிருந்து தோண்டி விட வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளே வந்து உறக்கத்திலேயே ஆள் போய்விடும். இயந்திரத்தை மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும்.

ஈரிக்காற்று:

ஐயா, வீட்டில் கொடிக்கயிறு இருந்தது. பின்னறையில் துணி காய்ந்துகொண்டிருந்தது அதில்தான். அன்றைக்கு அது என் நினைவுக்கு வரவில்லை.

கண்டிவீதி:

மன்னிக்க வேண்டும் தம்பி. நான் அதை எழுதியிருக்கக் கூடாது. அந்த முன் ட்ரக்கை நானும்தான் தேடிப் போகவில்லை.

ஏரிக்கரைவீடு:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பழையதுறைமுகம் அண்ணா, நீங்கள் அந்த "கிளியர் சார்" பற்றி எழுதியது எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டது. தம்பி நார்த்ஷோர், நாங்கள் விளிம்பிலிருந்து நாலடிதான் தள்ளி நின்றோம், நீ சொன்ன பிறகுதான் வயிறு கலங்குகிறது.

மகனுக்கு இப்போது பதினொன்று. இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேன், அந்தக் கப்பல் ஞாபகம் இருக்கா என்று. உடனே சொன்னான், "அந்த மாமா கை காட்டலம்மா. கையில இருந்த சுத்தியலைக் காட்டினார்." நான் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதில் சுத்தியல் இருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அடித்த சத்தம்கூட அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. சுத்தியல் விழுந்து, கொஞ்சம் கழித்துத்தான் டொக் என்று கேட்டதாம். நான் தொப்பியைக் காது மூட இறக்கி விட்டிருந்தேன்.